வேலியில் ஏறிய முசுட்டைக் கொடியை வெட்டலாமா?

“எங்களுக்கு அகரம்தென் பக்கத்தில் 80 சென்ட் நிலம் இருக்கிறது. கத்திரி, சுரை, பீர்க்கு போட்டு தாம்பரத்தில் விற்கிறோம். வடக்கு ஓரத்தில் மாமனார் காலத்து வேலி. கிளுவையும் நொச்சியும் கலந்து நிற்கிறது. அதன்மேல் ஒரு கொடி ஏறிப் படர்ந்திருக்கிறது. இலை வட்டமாக இருக்கும், அடிப்பக்கம் வெள்ளி பூசினாற்போல் மின்னும். மழை ஓய்ந்தபின் ராத்திரியில் வெள்ளைப் பூ பூத்து வாசல் வரை மணக்கும். மாமியார் அதை முசுட்டை என்பார், கொழுந்தைக் கிள்ளிப் பொரியல் செய்வார். என் வீட்டுக்காரர் ஜே.சி.பி. வைத்து வேலியை எடுத்துவிட்டுக் கம்பி போடலாம் என்கிறார். அந்தப் பூவுக்குக் குருவி மாதிரிப் பெரிய பூச்சி வருகிறது, அதன் புழு பயிரைத் தின்றுவிடும் என்று பக்கத்துக் கழனிக்காரரும் சொல்கிறார். இதற்கு நடுவில் என் மகள் முழுகாமல் இருக்கிறாள். இடுப்பு வலி என்றதும், முசுட்டை வேரை இடித்துக் கஷாயம் வைக்கலாம் என்கிறார் மாமியார். கொடுக்கலாமா? கொடியை வைத்துக்கொள்ளலாமா, வெட்டிவிடலாமா?”

– வாசகி, அகரம்தென்

கடைசியில் கேட்டிருக்கும் கேள்விக்குத்தான் அவசரம். பதில் அங்கிருந்தே தொடங்குகிறது.

கஷாயம் வேண்டாம். வேரும் வேண்டாம், இலைச்சாறும் வேண்டாம். பிரசவம் முடியும்வரை முசுட்டைக் கீரையையும் மகளின் தட்டில் வைக்காதீர்கள். முசுட்டையின் தாவரவியல் பெயர் ரிவியா ஹைப்போகிரேட்டரிபார்மிஸ். இதன் சாற்றை எத்தனாலில் எடுத்து எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த இந்திய ஆய்வாளர்கள், 2001லும் 2002லும் ‘ஜர்னல் ஆஃப் எத்னோபார்மகாலஜி’ என்ற ஆய்விதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். கரு பதிவதை அது தடுத்தது, பதிந்த கருவையும் கலைத்தது, எலிகளின் சினைச் சுழற்சியையும் மாற்றியது. ஆய்வில் கொடுத்தது செறிவான சாறு. வீட்டுப் பொரியலில் ஒரு கைப்பிடி இலை சாப்பிடுவதும் அதுவும் ஒன்றல்ல. எலிக்கு நடந்தது மனிதருக்கும் அப்படியே நடக்கும் என்றும் சொல்லிவிட முடியாது. ஆனால் கஷாயம் என்பதே செடியின் சத்தைச் செறிவாக இறக்குவதுதானே? ஒரு வேளை இடுப்பு வலிக்காக அந்தப் பரீட்சையை மகளின் வயிற்றில் வைத்துப் பார்க்க வேண்டியதில்லை.

மாமியாரின் கைப்பக்குவத்தில் குறை எதுவும் இல்லை. கை கால் குடைச்சலுக்குக் கொடிகளின் இலையும் வேரும் வீட்டு வைத்தியத்தில் காலங்காலமாக இருப்பவைதான். அந்தக் காலத்துப் பாட்டிகளும் ‘பிள்ளைத்தாச்சிக்குக் கண்ட பச்சிலையையும் கொடுக்காதே’ என்று ஒரு கோடு போட்டு வைத்திருந்தார்கள். அதையே அவருக்கு நினைவுபடுத்துங்கள், கேட்டுக்கொள்வார். வலியை ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள். வலியோடு ரத்தக் கசிவோ, நீர்க்கடுப்போ, காய்ச்சலோ இருந்தால் மறுநாள் வரை பார்த்திருக்காமல் 108ஐ அழையுங்கள். சித்த மருந்துதான் வேண்டும் என்றால் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கர்ப்பம் என்பதை முதலிலேயே சொல்லி, அங்கே உள்ள மருத்துவரைக் கேட்டுக்கொள்ளலாம்.

இனி கொடியைப் பார்ப்போம்.

நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள் முசுட்டைக்குப் பொருந்துகின்றன. இலை வட்டமும் இதய வடிவமும் கலந்தது. மேல்பக்கம் வழவழப்பாகவும், அடிப்பக்கம் பட்டுப்போன்ற மயிரோடு வெள்ளியாகவும் இருக்கும். காற்றடித்து இலை திரும்பினால் கொடி முழுவதும் பளிச்சிடும். தண்டு வயதாக ஆக முற்றிக் கட்டையாகிவிடும். பூ ஒரு விரல் நீளக் குழலும் அதன்மேல் விரிந்த வெள்ளைத் தட்டுமாக இருக்கும். மாலை மங்கியபின் விரிந்து, காலை வெயில் ஏறுவதற்குள் துவண்டுவிடும். பூத்த இடத்தில் பழுப்பு நிறத்தில் பளபளப்பான சின்னக் காய் நிற்கும். இதற்கு நெருங்கிய உறவான ரிவியா ஆர்னேட்டா என்ற கொடியும் உண்டு. ஊர்வழக்கில் இரண்டுக்கும் முசுட்டை என்றே பெயர்.

பெயர் நேற்று வந்ததல்ல. சங்க இலக்கியத்தில் இது முசுண்டை. நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில், வாடைக்காலத்துப் புதர்கள்மேல் முசுண்டையின் வெள்ளைப் பூவும் பீர்க்கின் மஞ்சள் பூவும் சேர்ந்து பூத்திருக்கும். இன்று உங்கள் வேலியில் முசுட்டையும் பந்தலில் பீர்க்கும் இருக்கின்றன. பூக்கும் பருவமும் அதேதான், ஐப்பசி மழைக்குப் பின் வரும் குளிர் நாட்கள்.

கடல் தாண்டி யாழ்ப்பாணம் போனால் முசுட்டைக்குத் தனி மரியாதை. சுண்ணாம்புக்கல் நிலத்தில், பற்றைகளிலும் வேலிகளிலும் படர்ந்திருக்கும் கொடியின் இலையை வீட்டுப் பெண்கள் பறித்து வறை செய்கிறார்கள். இலையை மெல்லிய நூலாக அரிந்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், மஞ்சள், உப்பு, தேங்காய்த் துருவல் சேர்த்து இளந்தீயில் கிளறி எடுப்பதுதான் வறை. சிலர் இறக்கியபின் எலுமிச்சை பிழிவார்கள். அங்கே புலம்பெயர்ந்து போனவர்கள்கூட ஊர் வந்தால் கேட்டுச் சாப்பிடும் கறி அது. நம் பக்கத்தில் இதை நினைவில் வைத்திருப்பவர்கள் உங்கள் மாமியாரைப் போன்ற சிலர்தான். இளங்கொழுந்தை மட்டும் எடுங்கள், முற்றிய இலை வாயில் நாராகும். முதன்முறை சாப்பிடுபவர்கள் கொஞ்சமாகத் தொடங்குவது நல்லது. விதையைச் சமையலுக்கு எடுக்கவே கூடாது.

வேறு இலையை முசுட்டை என்று பறித்துவிடும் ஆபத்து உண்மையாகவே இருக்கிறது. முதலில் ஏமாற்றுவது சமுத்திரப்பாலை. அதன் இலைக்கும் அடிப்பக்கம் வெள்ளிதான். ஆனால் இலை முறம்போல் பெரிதாக, கனத்து இருக்கும். பூ இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்தது, வெள்ளை அல்ல. அதன் விதையில் மனத்தைக் குழப்பும் ஆல்கலாய்டுகள் உண்டு. அடுத்தது ஆடுதின்னாப்பாளை. தரையோடு படரும், இலை சிறுநீரக வடிவில் இருக்கும், கசக்கினால் முகம் சுளிக்கும் நாற்றம் வரும். அதில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயையும் கொண்டுவரும். ஆடே ஒதுக்கும் செடி அது, பெயரே சொல்லிவிடுகிறது. ஊமத்தையும் மாலையில் வெள்ளைக் குழல்பூ விரிப்பதுதான். அது கொடி அல்ல, காய் முள்ளாக இருக்கும் என்பது பகலில் எல்லோருக்கும் தெரியும். இருட்டில் வேலியோரம் கைவிட்டுப் பறிக்கும்போதுதான் கலந்துவிடும். கீரையைப் பகலில் பறியுங்கள். பூவைப் பார்த்து உறுதி செய்த கொடிக்கு ஒரு துணித்துண்டைக் கட்டி வைத்து, அதில் மட்டும் கிள்ளுங்கள். ஏரிக்கரைகளில் நிற்கும் நெய்வேலிக் காட்டாமணக்கும் முசுட்டையின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதைத் தொடர்ந்து தின்னும் ஆடு தள்ளாடிச் செத்துப்போகும். குடும்பம் ஒன்று என்பதற்காகக் குணமும் ஒன்றாக இருப்பதில்லை.

இந்தக் கொடி எங்கிருந்து உங்கள் வேலிக்கு வந்தது? யாரும் வாங்கி வந்து நட்டிருக்க மாட்டார்கள். பல்லாவரம், திரிசூலம், நன்மங்கலம், வண்டலூர் என்று தாம்பரத்தைச் சுற்றி நிற்கும் குன்றுகள் எல்லாம் ஒரே வகைக் கரும்பாறை. 1893ல் தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் அதற்கு ‘சார்னோகைட்’ என்று பெயர் வைத்தார். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக்கல் இந்தப் பாறைதான் என்பதால் அந்தப் பெயர். ஊர்க்கல்லுக்கு எங்கோ கிடக்கும் கல்லறையின் பெயர்! அது கிடக்கட்டும். இந்தப் பாறைச் சரிவுகளில் மண் ஒரு சாணுக்குமேல் இருப்பதில்லை. எட்டு மாதம் வெயில், மூன்று மாதம் மழை. அங்கே காரை, சூரை, களா போன்ற முட்புதர்களும் அவற்றைப் பிடித்து ஏறும் கொடிகளுமே தாக்குப்பிடிக்கும். முசுட்டை அந்தப் புதர்க்காட்டுக் கொடி. குன்றில் குவாரியும் சரிவில் மனைப்பிரிவும் வந்தபிறகு, அவற்றுக்கு மிஞ்சிய இடம் காப்புக்காடுகளும் உங்களுடையது போன்ற பழைய வேலிகளும்தான். காப்புக்காட்டுக்குள் போய் இலை, கொடி, விதை எதையும் எடுக்க அனுமதி இல்லை. ஆகவே கையெட்டும் முசுட்டை என்பது வேலி முசுட்டைதான்.

பூச்சியைப் பற்றிப் பக்கத்துக் கழனிக்காரர் சொன்னதில் பாதி சரி.

வெள்ளைப் பூ, இரவு வாசனை, நீண்ட குழல் இந்த மூன்றும் சேர்ந்தால் வருவது பருந்து அந்துப்பூச்சி. தேன்சிட்டு மாதிரி அந்தரத்தில் நின்றபடி, உடலைவிட நீளமான உறிஞ்சுகுழலைப் பூவுக்குள் விட்டுத் தேன் குடிக்கும். அக்ரியஸ் கன்வால்வுலி என்பது இதில் பரவலாகக் காணப்படும் ஒரு வகை. அதன் புழு பெருவிரல் பருமன், வாலில் ஒரு கொம்பு இருக்கும். சர்க்கரைவள்ளி இலையைத் தின்னும், எப்போதாவது உளுந்திலும் பாசிப்பயறிலும் ஏறும். எள்ளையும் கத்திரியையும் தின்னும் கொம்புப்புழு வேறு. அது முதுகில் மண்டை ஓடு வரைந்தாற்போல் இருக்கும் அந்துப்பூச்சியுடையது. அந்தப் பூச்சிக்கு உறிஞ்சுகுழல் குட்டை. ஆழமான பூவில் அதற்கு வேலை இல்லை, தேனடைக்குள் புகுந்து தேன் திருடும் இனம் அது. முசுட்டையை வெட்டினால் கத்திரிக்குப் புழு குறையும் என்ற கணக்கு இதனால் தப்பாகிறது.

இரண்டு புழுவும் கண்ணுக்குத் தெரியும் பருமன்தான். செடிக்கடியில் பெரிய எச்ச உருண்டை கிடந்தால் மேலே பார்த்துக் கையால் பொறுக்கிவிடலாம், மருந்தே வேண்டாம். உழும்போது பழுப்பு நிறத்தில், கூஜாவுக்குக் கைப்பிடி வைத்தாற்போல் வளைவோடு ஒரு கூட்டுப்புழு புரண்டு வந்தால் அது அக்ரியஸ். அந்தக் கைப்பிடிக்குள்தான் நீண்ட உறிஞ்சுகுழல் சுருண்டு உருவாகிக்கொண்டிருக்கும். ஏருக்குப் பின்னால் நடக்கும் கொக்கும் மைனாவும் அதை விட்டுவைக்காது. வேலி இருந்தால் செம்போத்து, தவிட்டுக்குருவி, ஓணான் எல்லாம் அங்கே தங்கிப் புழுவுக்கு இறங்கும். கம்பி வேலியில் அவை என்ன செய்யும்?

அந்துப்பூச்சியால் உங்களுக்கு வரவும் உண்டு. சுரைப்பூ எப்போது விரிகிறது என்று பாருங்கள். மாலையில். பீர்க்கும் மாலைதான். புடல் இருட்டிய பிறகு. மூன்றிலும் ஆண்பூ தனி, பெண்பூ தனி. மகரந்தத்தை யாராவது சுமந்து போனால்தான் பிஞ்சு நிற்கும், இல்லாவிட்டால் மஞ்சளாகி உதிரும். காலையில் தேனீ வருவதற்குள் பூவின் நல்ல நேரம் பெரும்பாலும் போய்விடுகிறது. இருட்டில் வரும் அந்துப்பூச்சிகள் அந்த வேலையைக் கூலி கேட்காமல் செய்கின்றன. ஆகவே ‘தேனீயைக் காக்க மாலையில் மருந்தடி’ என்ற பொதுவிதியை இந்த மூன்று கொடிகளிலும் அப்படியே பிடித்துக்கொள்ளாதீர்கள். மருந்து அவசியமே என்றால், பழைய பூ வாடி, புதுப்பூ இன்னும் விரியாத இடைவேளையில் அடியுங்கள். பந்தல் பக்கம் எல்.இ.டி. ஃபோகஸ் விளக்கு இருந்தால் வேறு பக்கம் திருப்புங்கள், பூவுக்கு வர வேண்டிய பூச்சி விளக்கைச் சுற்றியே விழுந்துவிடும். பிஞ்சு உதிர்வு அதிகமாக இருக்கும் வாரத்தில் மாலை 6 மணிக்கு மேல் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தொட்டுவிடுங்கள். நான்கு நாளில் வித்தியாசம் தெரியும்.

கொடியும் பூச்சியும் சேர்ந்தே தேய்வதற்கு ஹவாய்த் தீவுகளில் ஒரு சான்று இருக்கிறது. அங்கே வறண்ட எரிமலைப் பாறைச் சரிவுகளில் ஐப்போமியா டியூபாய்ட்ஸ் என்ற வெள்ளைப் பூக்கொடி இரவில் பூக்கும். முசுட்டைக்குத் தூரத்து உறவு. அந்தப் பூவின் தேனைக் குடிக்கும் பிளாக்பர்ன் பருந்து அந்துப்பூச்சி, காடழிந்ததால் பூண்டோடு போய்விட்டது என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். 1984ல் மாவி தீவில் ஒரு சிறு கூட்டம் கண்ணில் பட்டது. 2000ல் அமெரிக்க அரசு அதை அழியும் நிலையில் உள்ள உயிரினமாக அறிவித்தது. புழுவுக்கு வேண்டிய மரம், பூச்சிக்கு வேண்டிய பூ இரண்டையும் மறுபடி நட்டுத்தான் அதைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். நம்முடைய பருந்து அந்துப்பூச்சிகளுக்கு அந்த நிலை இல்லை. ஆனால் நட்டு வளர்க்க ஆகும் செலவோடு பார்த்தால், இருப்பதை வெட்டாமல் விடுவதற்குச் செலவே கிடையாது.

வீட்டுக்காரரின் கவலையிலும் நியாயம் இருக்கிறது. கிளுவை வேலியில் இடைவெளி விழுந்தால் மாடு நுழையும், சுற்றிலும் மனை போட்டபிறகு ஆளும் நுழைவார்கள். கம்பி போடட்டும். பழைய வேலியைப் பிடுங்காமல், அதற்கு இரண்டடி உள்ளே கல்தூண் நட்டுக் கம்பி இழுக்கலாம். இரண்டடி நிலம் போகிறதே என்பார். வேலியின் நிழல் விழும் அந்த இரண்டடியில் இப்போதே காய் சரியாகப் பிடிப்பதில்லை என்பது அவருக்குத் தெரிந்ததுதான். முசுட்டை தானாகவே கம்பியிலும் ஏறி அடைத்துவிடும். காய் முற்றி விழுந்தபின், மாசி, பங்குனியில், அடியிலிருந்து மூன்றடி விட்டு மேலே படர்ந்ததைக் கழித்துவிட வேண்டும். ஆண்டுதோறும் கழிக்காவிட்டால் பாரத்தில் நொச்சியைச் சாய்த்துவிடும். சில கிளைகளை மட்டும் பூவுக்கு விட்டாலும் போதும். மழை வந்ததும் மறுபடி துளிர்க்கும், கீரைக்கு நல்ல கொழுந்தும் அப்போதுதான்.

வேறு இடத்திலும் வளர்க்க விரும்பினால் ஆடி, ஆவணியில் பென்சில் பருமனுள்ள தண்டில் மூன்று நான்கு கணுவோடு வெட்டி, மேல்வெட்டில் சாணி அப்பி, நிழலில் பையில் வையுங்கள். விதையென்றால் தோல் கெட்டி. கரடுமுரடான கல்லில் ஒரு பக்கம் தேய்த்து, இரவு முழுதும் ஊறவைத்து ஊன்றுங்கள். கன்று முழங்கால் உயரம் வரும்வரை ஆடு கடிக்காமல் முள் வைத்துக் காக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஜே.சி.பி. என்று எழுதியிருப்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது. மாமனார் காலத்து வேலி என்றால் உங்கள் நிலத்தின் எல்லையே அதுதான். சர்வே கல்லும் பெரும்பாலும் அந்தப் புதருக்குள்தான் புதைந்து கிடக்கும். எந்திரம் ஒரு வாரு வாரினால் வேலியோடு கல்லும் போகும். பிறகு பக்கத்து மனைக்காரர் ஓரடி உள்ளே வந்து சுவர் வைத்தால் எதைக் காட்டிப் பேசுவீர்கள்? சர்வே கல்லை அகற்றுவது 1923ம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டப்படி குற்றமும்கூட. பட்டா நகலோடு வட்டாட்சியர் அலுவலகத்தில் நில அளவைக்கு மனு கொடுத்துக் கட்டணம் கட்டுங்கள். சர்வேயர் வரும் நாளில் கொடியை ஒதுக்கிக் கல்லைக் கண்டுபிடித்து, பக்கத்து நிலத்துக்காரரையும் வைத்துக்கொண்டு அளந்து, கல்லின் தலையில் சுண்ணாம்பு அடித்து, போட்டோ எடுத்து வையுங்கள். ஜே.சி.பி.காரருக்கு முன்பணம் கொடுத்திருந்தால், அதுவரை தேதியைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள்.